கொழுந்துச் சாயத்தில் ஒரு முகம்

ஒரு பெண்ணின் முகத்தை வரையப் பென்சில், ரப்பர், கொஞ்சம் சாயம் இருந்தால் போதும். இந்த மூன்றுக்குமான மூலப்பொருள்கள் இலங்கையின் கேகாலை மாவட்டத்திலேயே கிடைக்கின்றன. தேயிலைக் கொழுந்தைப் பறிப்பவர்கள் தோட்டத்துப் பெண்கள். இறப்பர் மரத்தில் பால் வெட்டுபவர்களிலும் அவர்கள் ஏராளம். ஆனால் ஓவியச் சட்டத்துக்குள் அவர்கள் முகத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது.

முதலில் சாயம். பச்சைக் கொழுந்தில் நிறமில்லாத கட்டெச்சின்கள் நிறைய உண்டு. ரோலரில் இலை நசுங்கியதும் அதிலுள்ள ஒரு நொதி காற்றின் ஒட்சிசனோடு சேர்ந்து அவற்றை மாற்றத் தொடங்குகிறது. அறுத்து வைத்த வாழைக்காய் கறுப்பதும் இதே வேலைதான். கட்டெச்சின்கள் ஒன்றோடொன்று இணைந்து, பொன்னிறத் தியாஃபிளேவின்களும் செம்பழுப்புத் தியாருபிஜின்களும் உருவாகின்றன. தாளிலும் பருத்தித் துணியிலும் உள்ள செலுலோசை இவை இறுகப் பற்றிக்கொள்வதால்தான் வேட்டியில் பட்ட தேநீர்க்கறை லேசில் போவதில்லை. சலவைக்காரருக்குத் தொல்லையான இந்தக் குணம் ஓவியருக்கு வரம். ஒரு பூச்சு காய்ந்தபின் அதன்மேல் இன்னொன்று பூசினால் கன்னத்து நிழல் படிப்படியாகக் கருக்கும்.

கண்ணுக்கும் கூந்தலுக்கும் கறுப்பு வேண்டுமென்றால் சாயத்தில் துளி அன்னபேதி சேர்க்கலாம். இரும்பும் தேயிலையின் பொலிபீனோல்களும் கூடிக் கருநிறமாகும். கடுக்காயோடு அன்னபேதி சேர்த்து நம் முன்னோர் மை காய்ச்சியதும் இந்த வித்தைதான்.

ஹட்டனைச் சேர்ந்த ஓவியர் ஹனுஷா சோமசுந்தரம் தேயிலைச் சாயத்தையும் தேநீர்ப் பைகளையுமே ஓவியப் பொருளாக்கித் தோட்டப் பெண்களின் வாழ்வைச் சொல்பவர். உழைத்தவளின் கையிலிருந்து வந்த நிறத்திலேயே அவளைத் தீட்டுவதை நான் வெறும் உத்தியாகப் பார்க்கவில்லை. எண்ணெய் வண்ணத்துக்கு இல்லாத நியாயம் அதில் இருக்கிறது. ஒரு குறை: தேயிலை நிறம் வெயிலில் மங்கும். நேரடி வெளிச்சம் படாத சுவரில் மாட்ட வேண்டும்.

மங்காதது பென்சில் கோடு. கேகாலையின் போகலை சுரங்கத்தில் கிடைக்கும் காரீயம், அதாவது பென்சிலின் கிராஃபைட், பாறை வெடிப்புகளில் நரம்பாகப் படிந்த, மிகத் தூய கரி. அதன் அணுக்கள் மெல்லிய தகடுகளாக அடுக்கப்பட்டிருக்கின்றன. தகட்டுக்குள் பிணைப்பு வலுவானது. தகடுகளுக்கு இடையே பலவீனமானது. எழுதும்போது தகடுகள் வழுக்கி உரிந்து தாளின் சொரசொரப்பில் தங்கிவிடுகின்றன. ஒளியோ காற்றோ அந்தக் கரியை எளிதில் மாற்றுவதில்லை. சாயம் வெளுத்த பிறகும் முகத்தின் கோடு நிற்கும்.

அந்தத் தகடுகள் தாளைவிட இறப்பரில் நன்றாக ஒட்டும். இறப்பர் பென்சில் கோட்டை அழிப்பதை 1770இல் ஜோசப் பிரீஸ்ட்லி எழுதிவைத்தார். இறப்பர் மரம் இலங்கைக்கு வந்தது 1876இல். விடியற்காலையில் மரத்துக்குள் நீரழுத்தம் அதிகம், பால் நன்றாக ஓடும். பால் வெட்டும் பெண்கள் இருட்டோடு எழுந்து போவது அதனால்தான்.

முகத்தைப் பதித்தால் மட்டும் போதாது, பெயரும் வேண்டும். புகைப்பட மேதை ஜூலியா மார்கரெட் கேமரன் 1875இல் இலங்கையில் குடியேறி, 1879இல் இங்கேயே இறந்தார். டார்வினையும் டென்னிசனையும் பெயரோடு படமெடுத்தவர் அவர். இலங்கையில் எடுத்த உழைப்பாளர் படங்கள் பெரும்பாலானவற்றில் பெயரே இல்லை. முகம் கிடைத்தும் ஆள் தொலைந்துபோனாள்.

பெயர் தெரிந்தவர்களையாவது வரையலாமே. 1930களில் தோட்டம் தோட்டமாகச் சென்று பாட்டுப் பாடித் தொழிலாளரைத் திரட்டிய மீனாட்சி அம்மாள், ‘தூரத்துப் பச்சை’ நாவலை எழுதிய கோகிலம் சுப்பையா ஆகிய இருவரிலிருந்து தொடங்கலாம். இரத்தினபுரி, கேகாலைப் பாடசாலைகளின் சித்திர ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த பாடத்துக்குப் பிள்ளைகளை ஒரு கோப்பைச் சாயத்தண்ணீரும் ஒரு பென்சிலும் கொண்டுவரச் சொல்லுங்கள். அவரவர் அப்பாயியையோ அம்மாயியையோ வரையட்டும். படத்தின் கீழே அவருடைய முழுப்பெயரையும் அவர் வேலை செய்த தோட்டத்தின் பெயரையும் பென்சிலால் எழுதட்டும்.