கூடத்தில் எங்களுக்கும் ஒரு கதிரை

வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையில் வசிக்கும் ஓர் அம்மா, பழைய பிஸ்கற் தகரம் ஒன்றுக்குள் சில கடதாசிகளைப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறார். பொலிஸ் பதிவுத் துண்டு, லொட்ஜ் வாடகைப் பற்றுச்சீட்டு, காணாமல் போன மகனைத் தேடி எழுதிய கடிதங்களின் பிரதிகள். அடியில் ஒரு திறப்பு. அது பூட்டிய வீடு இன்றில்லை. திறப்பை எறிய மனமில்லை. ஒருநாள் எல்லாவற்றையும் என் முன்னால் பரப்பிவிட்டுக் கேட்டார்: "இதுகளை ஆர் பிள்ளை பார்க்கப் போயினம்?"

அன்று என்னிடம் பதில் இருக்கவில்லை.

நூதனசாலை என்றதும் எங்களில் பலருக்கு ஞாபகம் வருவது பாடசாலைச் சுற்றுலாதான். 1877 இல் திறக்கப்பட்ட கொழும்பு நூதனசாலையில் கண்டி மன்னரின் சிம்மாசனத்தை வரிசையாக நின்று பார்த்திருப்போம். தொடக்கூடாது, சத்தம் போடக்கூடாது. பார்த்தவுடன் நகர வேண்டும். இருந்து கதைக்க அங்கே கதிரை இல்லை. ஆனால் உலகின் பல இடங்களில் இப்போது வேறொரு வகையான நூதனசாலைகளும் இருக்கின்றன. அவை பொருளை வைப்பதோடு நில்லாமல், அந்தப் பொருளோடு வாழ்ந்த மனிதரையும் கூடத்துக்கு அழைத்துப் பேசச் சொல்கின்றன.

தென்னாபிரிக்காவின் கேப் டவுன் நகரில் 'டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ்' என்றொரு குடியிருப்பு இருந்தது. 1966 இல் அது வெள்ளையருக்கு மட்டும் என அரசு அறிவித்தது. அதன் பின் 60,000 பேர் வரையில் அங்கிருந்து அகற்றப்பட்டார்கள், வீடுகள் இடிக்கப்பட்டன. 1994 டிசம்பரில் அங்கே ஒரு பழைய மெதடிஸ்த தேவாலயத்தில் நூதனசாலை திறந்தார்கள். தரையில் அந்தக் குடியிருப்பின் பெரிய வரைபடம். வந்தவர்கள் குனிந்து, தங்கள் வீடு இருந்த இடத்தில் பெயர் எழுதினார்கள். ஒரு நீண்ட துணியில் கையெழுத்திட்டார்கள். அவ்வெழுத்துக்களை நூலால் தைத்து எடுத்தார்கள். இடிப்பு வேலையை மேற்பார்வை செய்த ஒருவர் எறியாமல் மறைத்து வைத்திருந்த தெருப் பெயர்ப் பலகைகளும் அங்கே தொங்குகின்றன.

அங்கு கதை சொன்னவர்கள் படித்துப் பட்டம் பெற்ற வழிகாட்டிகள் அல்லர், விரட்டப்பட்டவர்களே. நூர் இப்ராஹிம் என்பவர் தன் புறாக்களின் கதையைச் சொல்வார். புதிய இடத்தில் திறந்துவிட்ட புறாக்கள் கூட்டுக்குத் திரும்பவில்லை. மறுநாள் பார்த்தால், இடிக்கப்பட்ட பழைய வீட்டின் வெறும் நிலத்தில் அவை காத்திருந்தன. இடம்பெயர்ந்தபோது நாய்க்குட்டியை அவிழ்த்துவிட்டு வந்தவர்களுக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை.

எங்கள் நாட்டிலும் இப்படியான முயற்சிகள் இல்லாமலில்லை. 2012, 2013 ஆம் ஆண்டுகளில் ராதிகா ஹெட்டியாராச்சி முன்னெடுத்த 'ஹெர்ஸ்டோரீஸ்' செயற்றிட்டம் (அவளுடைய கதைகள் என்று சொல்லலாம்) வடக்கிலும் தெற்கிலும் 250 க்கும் மேற்பட்ட தாய்மாரின் கதைகளைச் சேகரித்தது. கையால் எழுதிய கடிதங்கள், நினைவில் வரைந்த ஊர்ப் படங்கள், வாழ்க்கையை மரமாகக் கீறிய சித்திரங்கள். அவை கொழும்பில் காட்சிக்கு வைக்கப்பட்டு, தேசிய சுவடிக்கூடத்திலும் சேர்க்கப்பட்டன. அரசர்களின் சாசனங்களைப் பேணும் இடத்தில் ஒரு தாயின் கொப்பித்தாளும் இருக்கிறது என்பதைச் சிறிய விடயமாக நான் நினைக்கவில்லை.

யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனன் செய்ததும் இதற்கு நெருங்கியது. இடம்பெயர்ந்த தமிழ் பேசும் மக்கள் 80 பேரிடம், விட்டு வந்த வீட்டின் படத்தை ஞாபகத்திலிருந்து கீறச் சொன்னார். ஒல்லாந்தர் காலக் காணிப் பதிவேட்டுக்குத் தோம்பு என்று பெயர். 2011 இல் வெளியான இந்த நூலுக்கு 'முடிவுறாத தோம்பு' என்ற கருத்தில் பெயரிட்டார்கள். உறுதி தொலைந்தவர்களுக்கும் ஞாபகம் ஓர் உறுதிதான். கிணறு எந்தப் பக்கம், அடுப்படி எந்தப் பக்கம் என்று எங்களில் எவரைக் கேட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வோமே!

2019 டிசம்பரில் கொழும்பில் நவீன சமகாலக் கலை அருங்காட்சியகம் தன் முதற் கண்காட்சியை கொள்ளுப்பிட்டியில் ஆரம்பித்தது. 2022 இல் காலி வீதியில் உள்ள கிரெஸ்கற் வணிகத் தொகுதிக்கு இடம் மாறியது. நுழைவுக் கட்டணம் இன்றி, தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் விளக்கங்களும் உரைகளும் ஒழுங்கு செய்தார்கள். வெள்ளவத்தையிலிருந்து ஒரு பஸ் எடுத்தால் போதும். ஆனாலும் அப்படியான வாசலில் எங்கள் கால் தயங்குகிறது. "எங்கட ஆக்களுக்கு உங்க என்ன அலுவல்?" என்று நாங்களே கேட்டுக்கொள்கிறோம்.

அலுவல் இருக்கிறது. 2007 ஜூன் 7 ஆம் திகதி வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டைப் பகுதி லொட்ஜ்களில் தங்கியிருந்த தமிழர் 376 பேர் பஸ்களில் ஏற்றப்பட்டு வவுனியாப் பக்கமும் கிழக்குக்கும் அனுப்பப்பட்டார்கள். அவர்களில் 85 பேர் பெண்கள். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் மனுத் தாக்கல் செய்ய, மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. இந்த எண்கள் ஏதோ ஒரு கோப்பில் இருக்கும். உடுப்புப் பையைக் கட்ட எத்தனை நிமிடம் தந்தார்கள், வைத்தியசாலைத் துண்டு யாரிடம் விடுபட்டது, பிள்ளைக்குப் பால் எங்கே கிடைத்தது என்பதை அந்த 85 பேரில் ஒருவர்தான் சொல்ல முடியும்.

அதற்காக எல்லோரும் எழுந்து பேச வேண்டும் என்று நான் சொல்லவரவில்லை. எங்கள் பெண்கள் எத்தனையோ படிவங்களுக்கும் ஆணைக்குழுக்களுக்கும் ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லிக் களைத்துவிட்டார்கள். கேட்டவர்கள் எழுதிக்கொண்டு போனார்கள், திரும்பி வரவில்லை. ஆகவே எந்தக் கூடத்துக்குப் போனாலும் சில கேள்விகளை முதலில் நாங்கள் கேட்க வேண்டும். ஒலிப்பதிவு யாரிடம் இருக்கும்? பெயர் போடாமல் விடலாமா? இடையில் நிறுத்தினால் குறை நினைப்பீர்களா? தந்த பொருளை நாளைக்குத் திருப்பிக் கேட்டால் தருவீர்களா? இவற்றுக்கு நேரான பதில் கிடைக்காவிட்டால் எழுந்து வந்துவிடலாம், வெட்கம் எங்களுடையதல்ல.

நடத்துபவர்களுக்கும் ஒரு வார்த்தை. மாலை ஆறு மணிக்கு உரை வைத்தால் கொட்டாஞ்சேனையிலிருந்து பிள்ளையோடு வரும் பெண் எப்படித் திரும்புவாள்? தமிழில் கதைக்கும்போது சிங்களப் பெண்களும், அவர்கள் கதைக்கும்போது நாங்களும் விளங்கிக்கொள்ள மொழிபெயர்ப்பாளர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். தெற்கிலும் 1987 முதல் 1989 வரையிலான காலத்தில் பிள்ளையைத் தொலைத்த தாய்மார் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டிலும் பிஸ்கற் தகரம் இருக்கும்.

போன கிழமை அந்த அம்மாவிடம் இதையெல்லாம் சொன்னேன். தகரத்தை மூடி அலுமாரிக்குள் வைத்தார்.

"நான் ஒண்டும் கதைக்கமாட்டன் பிள்ளை. மற்றாக்கள் கதைக்கிறதைக் கேட்க வாறன்" என்றார். பிறகு, "பின்னேரமெண்டால் ஏலாது. காலமையா வைப்பினமோ?"