மூன்றாம் வகுப்புப் பலகை

விருதுநகரிலிருந்து சிவகாசி வழியே தென்காசிக்கு 1927-ஆம் ஆண்டில் இருப்புப்பாதை அமைந்தது. தண்டவாளங்களின் இடைவெளி ஒரு மீட்டரே. ஆதலின் பெட்டியும் குறுகியது. அதனுள் வகுப்பு வேற்றுமையை ஆசனமே அறிவித்தது. முதல் வகுப்பினர்க்கு மெத்தை. மூன்றாம் வகுப்பினர்க்கு மரப்பலகை. மரச்சட்டங்களை இடைவெளி விட்டுப் பொருத்தினால் காற்றுப் புகும், தூசி தங்காது, கழுவுவதும் எளிது. எனினும், நெடுந்தூரம் சென்றவரின் முதுகு அதன் கடுமையை அறியும்.

மூன்றாம் வகுப்பின் இன்னல்களைக் காந்தியடிகள் 1917-இல் எழுதி வெளியிட்டார். 1974-இல் அவ்வகுப்பின் பெயர் நீங்கியது, பலகை நீங்கவில்லை. 1977-இல் மது தண்டவதே ரயில்வே அமைச்சரானார். அவர் காலத்தில்தான் இரண்டாம் வகுப்புப் படுக்கைப் பலகைகளுக்கு இரண்டு அங்குல மெத்தை வரத் தொடங்கியது. பெயரை மாற்ற ஆணை போதும். பலகையை மாற்றப் பரிவும் வேண்டும்.