வானலை வீடு சேரும் வழி

சென்னையில் வாசிக்கப்படும் தமிழ்ச் செய்தியைத் தில்லியில் வாழும் குடும்பம் ஒன்று சில நொடிகளுக்குள் தன் வீட்டுக் கூடத்தில் காண்கிறது. இரு நகரங்களுக்கும் இடையே உள்ள இரயில் பாதையின் நீளம் 2,000 கிலோமீட்டருக்கும் மிகுதி. ஆனால் அச்செய்தி தரைவழியே வருவதில்லை. விண்ணுக்குச் சென்று திரும்பி வருகிறது. அந்த நெடும் பயணத்தின் கடைசிச் சில மீட்டர்கள் மட்டும் வீட்டுச் சுவரின் வழியே அமைகின்றன. படம் தெளிவாகத் தெரிவதும் இடையிடையே நின்றுபோவதும் பெரும்பாலும் அந்தச் சில மீட்டர்களைப் பொறுத்தவையே.

விண்ணிலிருந்து மாடி வரை

ஒளிபரப்புக்குப் பயன்படும் செயற்கைக்கோள் நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே, ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் உள்ளது. பூமி தன்னைத்தானே ஒருமுறை சுற்றும் காலத்திலேயே அதுவும் பூமியை ஒருமுறை சுற்றி வருகிறது. ஆதலால் தரையிலிருந்து நோக்குவோருக்கு அது வானில் ஒரே இடத்தில் நிற்பதாகவே அமையும். இந்தியா முழுவதும் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே இருப்பதால், நம் நாட்டு மாடிகளில் உள்ள டிஷ் ஆண்டெனாக்கள் தென்புற வானை நோக்கி நிற்கின்றன.

இந்தியாவில் 1975ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் தொடங்கி ஓராண்டுக் காலம் ஒரு பெரும் சோதனை நடைபெற்றது. ஆறு மாநிலங்களைச் சேர்ந்த ஏறத்தாழ 2,400 சிற்றூர்கள் செயற்கைக்கோள் வழியாகத் தொலைக்காட்சியைக் கண்டன. அங்கு நிறுவப்பட்ட கம்பிவலை ஆண்டெனாக்கள் ஏறத்தாழ 3 மீட்டர் அகலமுடையவை. இன்று வீட்டு மாடியில் 60 சென்டிமீட்டர் அகலமுள்ள டிஷ் ஒன்றே போதுமானதாக உள்ளது.

டிஷ்ஷின் குழிந்த பரப்பு, தன்மீது விழும் அலைகளைத் திருப்பி ஒரு புள்ளியில் குவிக்கிறது. அப்புள்ளியில் பொருத்தப்பட்டுள்ள சிறு கருவி எல்.என்.பி. எனப்படும். விண்ணிலிருந்து வரும் அலை நொடிக்கு ஏறத்தாழ 1,200 கோடி முறை அதிர்வது. அத்தகைய அலை சாதாரணக் கேபிளில் நெடுந்தொலைவு செல்ல இயலாது. ஆகவே, எல்.என்.பி. அதன் வலிமையைப் பெருக்கி, அதிர்வை 95 கோடி முதல் 215 கோடி வரையிலான அளவுக்குக் குறைத்துக் கேபிளுக்குள் அனுப்புகிறது.

கேபிளின் உள்ளமைப்பு

டிஷ்ஷிலிருந்து இறங்கும் கேபிள் கோ-ஆக்சியல் கேபிள் ஆகும். அதன் நடுவே ஒற்றைக் கம்பி உள்ளது. அதனைச் சுற்றி வெண்ணிற நுரைப் பொருளும், அதன்மேல் மெல்லிய உலோகத் தாளும் கம்பிப் பின்னலும், எல்லாவற்றுக்கும் மேலே கருநிற உறையும் அமைந்துள்ளன. பின்னல் புறத்தேயிருந்து வரும் தேவையற்ற அலைகளைத் தடுக்கிறது. நுரைப் பொருள் நடுக்கம்பியையும் பின்னலையும் எப்போதும் சம இடைவெளியில் நிறுத்துகிறது. இந்த இடைவெளி எங்கேனும் நசுங்கினால், வரும் அலையின் ஒரு பகுதி அங்கிருந்து எதிரொலி போலத் திரும்பிவிடும்.

அலை இறங்கி வரும் அதே கேபிளின் வழியாக, எல்.என்.பி.க்கு வேண்டிய மின்சாரம் செட்-டாப் பாக்ஸிலிருந்து மேலே செல்கிறது. அதன் அளவு 13 அல்லது 18 வோல்ட். எந்த வகை அலை வேண்டும் என்பதையும் பாக்ஸ் இம்மின்னழுத்தத்தின் வாயிலாகவே தெரிவிக்கிறது. எனவே, ஒரே கேபிளைப் பிரித்து இரண்டு பாக்ஸ்களுக்குக் கொடுத்தால் ஒன்றின் கட்டளை மற்றொன்றைக் குழப்பக்கூடும். இரு தொலைக்காட்சிகள் உள்ள வீட்டுக்கு இரண்டு வெளிவாய்களை உடைய எல்.என்.பி.யும் இரண்டு தனிக் கேபிள்களும் தேவை.

இழப்பு நேரும் இடங்கள்

நல்ல கேபிளிலும் உயர்ந்த அதிர்வுடைய அலை 10 மீட்டர் கடப்பதற்குள் தன் வலிமையில் ஏறத்தாழப் பாதியை இழந்துவிடும். எனவே, கேபிள் தேவைக்கு மிகுதியாக நீளக்கூடாது. அடுக்குமாடி வீடுகளில் பலர் கேபிளைச் சன்னல் இடுக்கின் வழியே உள்ளே கொண்டு வருகின்றனர். சன்னலை மூடும்போதெல்லாம் கேபிள் நசுங்குகிறது. நாளடைவில் உறை கிழிந்து மழைநீர் உட்புகுகிறது. பின்னர், மழை பெய்யும் நாள்களில் படம் உறைந்து நிற்கக் காண்பர். குறை செயற்கைக்கோளில் உள்ளதென எண்ணுவர்.

முனையில் பொருத்தும் இணைப்பானிலும் கவனம் வேண்டும். பின்னலின் ஒரே ஓர் இழை நடுக்கம்பியைத் தொட்டாலும் எல்.என்.பி.க்கு மின்சாரம் செல்லாது. படம் முற்றிலும் நின்றுவிடும்.

சுவரில் செம்மையாக அமைத்தல்

கேபிளைச் சுவரில் துளையிட்டுக் கொண்டு வருவதே சிறந்தது. துளை வெளிப்புறம் நோக்கிச் சற்றே சரிந்திருக்க வேண்டும். துளைக்கு முன்பாகக் கேபிளைச் சிறிது தொங்கவிட்டு மேலேற்றினால், மழைநீர் உள்ளே வராமல் அங்கேயே சொட்டிவிடும். சுவருக்குள் கேபிளைப் பிளாஸ்டிக் குழாயின் வழியே செலுத்த வேண்டும். பிற்காலத்தில் சுவரை உடைக்காமலே அதனை மாற்றலாம். கேபிளின் தடிமன் ஏறத்தாழ 7 மில்லிமீட்டர். அது திரும்பும் இடத்தில் வளைவின் ஆரம் 7 சென்டிமீட்டருக்குக் குறையாதிருத்தல் நலம்.

மின்கம்பிகள் செல்லும் குழாயில் இக்கேபிளைச் சேர்த்துச் செலுத்துதல் கூடாது. இரண்டுக்கும் இடையே ஒரு சாண் அளவேனும் இடைவெளி வேண்டும். தொலைக்காட்சியின் பின்புறச் சுவரில் தனிப்பெட்டி பதித்து, அதில் கேபிளின் முனையைப் பொருத்த வேண்டும். அங்கிருந்து ஒரு சிறு கேபிள் செட்-டாப் பாக்ஸைச் சென்றடையும். தரையில் கிடந்து காலை இடறும் கேபிள்கள் அவ்வீட்டில் இரா.

மின் இணைப்புகளைத் தொடுதல் சிறுவர் செய்யத்தக்கதன்று. தேர்ந்த மின்பணியாளரே அதனைச் செய்ய வேண்டும். மாடியில் உள்ள டிஷ்ஷின் உலோகத் தூணை நிலத்துடன் இணைத்தலும் அவர் பணியே. இடி முழங்கும் வேளையில் தொலைக்காட்சியைத் தொடாதிருத்தல் அனைவருக்கும் உரிய கடமையாகும்.

பணி மாறுதலால் குடும்பங்கள் ஊர்விட்டு ஊர் செல்வது இயல்பு. டிஷ்ஷும் பாக்ஸும் அவர்களுடன் செல்லும். சுவருக்குள் செம்மையாக அமைந்த கேபிளோ அவ்வீட்டிலேயே தங்கி, அடுத்துக் குடிவருவோருக்குப் பயன்படும். 36,000 கிலோமீட்டர் கடந்து வரும் தமிழ்ச்சொல் ஒரு சன்னல் இடுக்கில் நசுங்கிப் போகாமல் காப்பது, சிறு கவனத்தால் கைகூடும் செயலே.

பயிற்சி

1. டிஷ் ஆண்டெனாக்கள் தென்புற வானை நோக்கி நிற்பது ஏன்?
2. கேபிளில் உள்ள நுரைப் பொருளின் பயன் யாது?
3. கேபிளைச் சன்னல் இடுக்கின் வழியே கொண்டு வருவதால் விளையும் தீமைகளைக் கூறுக.
4. உங்கள் வீட்டில் கேபிள் செல்லும் வழியைத் தொடாமல் உற்றுநோக்கி, ஐந்து வரிகளில் எழுதுக.