வாயிலோர் கடமை
மலாக்கா மாநிலத்தில் தோட்டத் திருமணமாயினும் பட்டணத்து மண்டபமாயினும், வாசலில் பன்னீரும் சந்தனமும் தந்து விருந்தினரை அழைத்துச் சென்று அமர்த்துவோர் உண்டு. ஆங்கிலத்தில் இவர்கள் 'அஷர்' எனப்படுவர். வாயிலைக் குறிக்கும் 'ஓஸ்டியம்' என்னும் இலத்தீன் சொல்வழி வந்த இதன் முதற்பொருள் வாயில் காப்போன் என்பதே.

தமிழில் 'வாயில்' இன்னும் விரிந்த பொருளுடையது. தலைவன் தலைவியரிடையே தூது சென்று இணக்கம் உண்டாக்கும் தோழி, பாணன் முதலியோரையும் தொல்காப்பியம் வாயில்கள் என்கிறது.

1511இல் போர்த்துக்கீசியர் கைப்பற்றுமுன், மலாக்காத் துறைமுகத்தில் இத்தகைய பணியை ஷாபந்தர் நால்வர் ஆற்றினர். தமிழ் வணிகரைக் கவனிப்பதும் அவருள் ஒருவர் பொறுப்பே. கப்பல் தலைவரைப் பெண்டஹாராவிடம் அழைத்துச் சென்று, பண்டகசாலையும் தங்குமிடமும் அளித்தனர் என்று தோமே பிரெஸ் எழுதியுள்ளார்.

செல்வரை முன்வரிசையிலும் தோட்டத்து முதியவரைத் தூண் மறைவிலும் அமர்த்துவோர் வாசலைக் காப்பவரேயன்றி, வாயில் ஆகார்.