சேர்வர் அறை – 12: அதே கட்டளை, வேறு மென்பொருள்

காப்புப்பிரதி எடுப்பதைச் சென்ற வாரம் பார்த்தோம். அதை எடுத்து வைத்தவர்கள் பி.எச்.பி. அப்கிரேட் பக்கம் வரலாம். ஒரு பழைய கதையிலிருந்து தொடங்குவோம்.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை மட்டக்களப்பின் நாவலடியையும் கல்லடியையும் வாரிக்கொண்டு போன சில நாட்களிலேயே இலங்கையின் தன்னார்வ மென்பொருளாளர்கள் எழுதத் தொடங்கியது ‘சஹானா’. காணாமற்போனோர், முகாம்கள், நிவாரணம் எல்லாவற்றையும் பதியும் அந்த மென்பொருள் பி.எச்.பி.யிலும் மைஎஸ்கியூஎல்லிலும் ஓடியது. 2005 பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் அது கைகொடுத்தது. நம் மண்ணில் பிறந்த பெருமைக்குரிய வேலை.

பி.எச்.பி.யின் ஐந்தாம் பதிப்பு 2004 ஜூலையில்தான் வெளியாகியிருந்தது. நான்காம் பதிப்பில் மைஎஸ்கியூஎல் இணைப்பு கேட்காமலே சேர்ந்து வரும். ஐந்தில் அதை நாமே கேட்டு வாங்க வேண்டும். நான்காம் பதிப்புக்குக் கொடுத்த அதே கட்டளையை ஓர் எழுத்தும் மாற்றாமல் கொடுத்துக் கம்பைல் செய்தால் பிழையே இல்லாமல் முடியும். ஆனால் தரவுத்தளத்தைத் தொடத் தெரியாத பி.எச்.பி. கிடைக்கும். முகாம் வாசலில் ஆட்கள் வரிசையில் நிற்கும்போது இது தெரியவந்தால் என்னாகும்?

2019இல் 7.4 வந்தபோதும் இதே கதை. படங்களைக் கையாளும் ஜிடி நீட்சிக்கு ‘வித்-ஜிடி’ என்றிருந்த தெரிவு ‘எனேபிள்-ஜிடி’ ஆனது. பழைய பெயரைக் கொடுத்தால், தெரியாத தெரிவு என்று ஒரு வரி அறிவித்துவிட்டு வேலை தொடரும். ஓடி மறையும் நூற்றுக்கணக்கான வரிகளுக்குள் அந்த ஒற்றை வரியை யார் பார்ப்பார்?

தமிழில் பதிவேடு வைத்திருப்பவர்கள் அஞ்ச வேண்டியது, பல பைட் எழுத்துகளைக் கையாளும் எம்பிஸ்ட்ரிங் நீட்சி விடுபடுவதற்கு. யூடிஎஃப்-8இல் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட். ‘மட்டக்களப்பு’ 12 குறி, 36 பைட். இந்த நீட்சி இல்லாவிட்டால் பைட் கணக்கில் வெட்டும்படி எழுதப்பட்ட மென்பொருள்களும் உண்டு. 20ஆம் பைட்டில் வெட்டினால் ஏழாவது குறி நடுவில் பிளந்து, திரையில் கேள்விக்குறி நிற்கும். ஆங்கிலப் பெயர்களுக்கு ஒன்றும் ஆகாது. அதனால்தான் சோதித்தவர் கண்ணில் அது படுவதில்லை.

ஃப்ரீபிஎஸ்டி வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு சொல். போர்ட்ஸிலிருந்து உங்கள் தெரிவுகளோடு கட்டிய பொதியை, அடுத்த அப்கிரேட் இயல்புத் தெரிவுகளோடு கட்டிய பொதியால் மாற்றிவிடக்கூடும். ஒத்திகை ஓட்டத்தில் பொதியின் பெயருக்கருகே தெரிவுகள் மாறியதாகக் குறிப்பு வந்தால், ‘ஆம்’ என்று தட்டாமல் நிறுத்துங்கள். பொதியைப் பூட்டியும் வைக்கலாம். ஆனால் பூட்டிய பொதிக்குப் பாதுகாப்புத் திருத்தங்களும் வராது. ஆகவே பூட்டு சில நாட்களுக்கு மட்டுமே.

பதிப்பு எண்ணை மட்டும் நம்பாதீர்கள். அப்கிரேடுக்கு முன் நீட்சிப் பட்டியலையும் கம்பைல் கட்டளையையும் ஒரு கோப்பில் சேமியுங்கள். நகல் சேர்வரில் ஏற்றியபின் புதிய பட்டியலை எடுத்து இரண்டையும் வரிக்கு வரி ஒப்பிடுங்கள். பிறகு ‘டெஸ்ட்’ என்று தட்டாமல் கொக்கட்டிச்சோலை, வவுணதீவு என்று ஊர்ப்பெயர்களைத் தமிழில் பதிந்து, தேடி, அச்சிட்டுப் பாருங்கள். எல்லாம் சரியாக வந்த பின்பே அசல் சேர்வரில் கை வையுங்கள்.