படிவம் கேட்பதும் பழைய வழக்கும்

அரசுப் பணிக்குத் தேர்வானவர் நிரப்பித் தர வேண்டிய சான்றுறுதிப் படிவம், அவருடைய நடத்தையையும் முன்வரலாற்றையும் காவல் துறை சரிபார்ப்பதற்கு அடிப்படையாக அமைவதாகும். மத்திய அரசுப் படிவத்தில், எப்போதாவது கைது செய்யப்பட்டதுண்டா, வழக்குத் தொடரப்பட்டதுண்டா, நீதிமன்றம் அபராதம் விதித்ததுண்டா, தண்டனை பெற்றதுண்டா, வழக்கு நிலுவையில் உள்ளதா எனக் கேள்வி அடுக்கிக்கொண்டே போகிறது. இவை ஒவ்வொன்றும் தனிக்கேள்வி என்பதைக் கவனியாமல், கேஸ்தான் முடிந்துவிட்டதே என்ற நினைப்பில் எல்லாவற்றுக்கும் சேர்த்து ‘இல்லை’ என எழுதிவிடுவதிலிருந்தே பெரும்பாலான சிக்கல்கள் பிறக்கின்றன. ஏனெனில் வழக்கிலிருந்து விடுதலையானவரும் ஒருகாலத்தில் வழக்குத் தொடரப்பட்டவரே.

பேச்சுவழக்கில் ‘பெட்டி கேஸ்’ எனப்படும் சிறு வழக்குகளில் இக்குழப்பம் மிகுதி. பொது இடத்தில் ரகளை செய்ததாக 1888ஆம் ஆண்டின் நகரக் காவல் சட்டம் 75ஆம் பிரிவின்கீழ் பிடிபட்டு, மாஜிஸ்திரேட் முன் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டியவர், பணத்தோடு விவகாரம் தீர்ந்ததாகவே கருதுவார். சட்டப்படி அது தண்டனையாகும். மாறாக, போக்குவரத்து விதிமீறலுக்குச் சாலையிலேயே செலுத்தப்படும் ‘ஸ்பாட் ஃபைன்’, வழக்கு நீதிமன்றத்திற்குப் போகாமல் தீர்த்துக்கொள்வதற்கான இணக்கக் கட்டணமே என்பதால், நீதிமன்றம் விதித்த அபராதம் ஆகாது.

மறைத்தவரின் கதி என்ன என்பதில் நெடுங்காலம் தீர்ப்புகள் முரண்பட்டுக் கிடந்தன. டெல்லி காவல் துறைப் பணிக்கு விண்ணப்பித்த ஓர் இளைஞர், சமரசத்தில் முடிந்த அடிதடி வழக்கைக் குறிப்பிடாமல் விட்டதை 2011இல் உச்ச நீதிமன்றம் இளமைத் தவறாகக் கருதி மன்னித்தது. ரொட்டி திருடியதற்காக வாழ்நாள் முழுதும் திருடனாகவே முத்திரை குத்தப்பட்ட, விக்டர் ஹியூகோ படைத்த ஜான் வால்ஜானையும் அத்தீர்ப்பு நினைவுகூர்ந்தது. இரக்கம் மிகுந்த தீர்ப்புதான். ஆனால் எல்லா அமர்வுகளும் அவ்வழியில் செல்லவில்லை. இறுதியில் அவதார் சிங் வழக்கில் மூவர் அமர்வு 2016இல் நெறிமுறைகளை வகுத்தது. இளவயதில் முழக்கமிட்டது போன்ற அற்பக் குற்றத்தை மறைத்திருந்தால் பணியளிப்பவர் தம் விருப்புரிமைப்படி அதைப் பொறுத்துக்கொள்ளலாம் என்றும், படிவம் குறிப்பாகக் கேட்காததைச் சொல்லவில்லை என்று குறை காண இயலாது என்றும் அது கூறியது. உண்மையைச் சொன்னவருக்கும் வேலை உறுதியில்லை, அவருடைய முன்வரலாற்றை எடைபோடும் உரிமை பணியளிப்பவருக்கு உண்டு என்பதையும் அதே தீர்ப்பு மறைக்கவில்லை. தமிழ்நாட்டுக் காவலர் பணி விதிகளோ இன்னும் கடுமையானவை: சந்தேகத்தின் பலனால் விடுதலையானவரையும் அவை குற்ற வழக்கில் தொடர்புடையவராகவே கொள்கின்றன.

பாஸ்போர்ட் விண்ணப்பத்தின் அளவுகோல் வேறு. 1967ஆம் ஆண்டுச் சட்டப்படி, தண்டனையின் காரணமாகப் பாஸ்போர்ட் மறுக்கப்பட வேண்டுமாயின், அது விண்ணப்பத்திற்கு முந்தைய 5 ஆண்டுகளுக்குள், ஒழுக்கக்கேடான குற்றத்திற்கு, 2 ஆண்டுக்குக் குறையாத சிறையாக இருக்க வேண்டும். ஆகவே பழைய அபராதம் அங்கே தடையன்று. ஆயினும் தகவலை மறைத்துப் பெற்ற பாஸ்போர்ட்டை முடக்க அதே சட்டம் இடமளிக்கிறது.

எனவே வழக்கு எண், நீதிமன்றம், பிரிவு, முடிவு ஆகியவற்றை எழுதித் தீர்ப்பு நகலை இணைப்பதே தக்கது. சிறு வழக்குகளின் ஆவணங்கள் குறிப்பிட்ட காலத்திற்குப் பின் அழிக்கப்படுவதால் நகல் கிடைக்காமல் போகலாம். அந்நிலையில், நகல் மனுவின்மீது ஆவணம் இல்லை என்று நீதிமன்ற அலுவலகம் எழுதித் தரும் குறிப்பையே இணைத்துவிடலாம்.