மெமரி கார்டை அழிக்குமுன் செய்ய வேண்டியவை

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை கல்யாண வீடியோ எடுத்துப் பிழைக்கும் சிறு ஸ்டுடியோக்காரர்கள் திரும்பத் திரும்ப ஒரே தவறைச் செய்கிறார்கள். எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் ஃபைல் ஏறாமல் நின்றுவிட்டால், டிஸ்க் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டி ஃபார்மட் செய்துவிடுகிறார்கள். டிஸ்க்கில் இடம் நிறையக் காலியாக இருந்தும் ‘ஃபைல் மிகப் பெரிது’ என்று கணினி மறுத்தால், டிஸ்க் பழுதாகவில்லை. அது ஃபேட்32 முறையில் இருக்கிறது. அந்த முறையில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றை ஃபைல் ஏறாது. ஐபோன் புரோவின் 4கே புரோரெஸ் பதிவு நிமிடத்துக்கே சுமார் 6 ஜிபி ஆகும். மேக் கணினியில் ஃபைல்களைப் பார்க்க முடிந்தும் எழுத முடியவில்லை என்றால், டிஸ்க் பெரும்பாலும் என்டிஎஃப்எஸ் முறையில் இருக்கும். இரண்டுக்கும் எக்ஸ்ஃபேட் முறைக்கு மாறுவது எளிய வழி. மாற்றுவதற்கு ஃபார்மட் செய்ய வேண்டும், ஃபார்மட் செய்தால் உள்ளே இருப்பதெல்லாம் போய்விடும். ஆகவே முதலில் வேறொரு டிஸ்க்கில் பிரதி எடுங்கள்.

எடிட்டிங் புராஜெக்ட் ஃபைலை மட்டும் நகர்த்துவது அடுத்த கவனக்குறைவு. அந்தச் சிறிய ஃபைலில் காட்சிகள் இல்லை. அவை எந்த ஃபோல்டரில் இருக்கின்றன என்ற குறிப்புதான் இருக்கிறது. பிரீமியரில் ‘புராஜெக்ட் மேனேஜர்’, டாவின்சி ரிசால்வில் ‘புராஜெக்ட் ஆர்க்கைவ்’ வழியாக எல்லாவற்றையும் ஒன்றாகத் திரட்டி அனுப்புங்கள். காட்சிகளை இரண்டு இடங்களில் பிரதி எடுங்கள்; ‘கட்’ வேண்டாம், ‘காப்பி’ மட்டும் போதும். டெராகாப்பி போன்ற மென்பொருளில் ‘வெரிஃபை’ கொடுத்து, இரு பிரதிகளும் மூலத்தோடு ஒத்திருக்கின்றன என்று உறுதியான பிறகே மெமரி கார்டைத் தொடுங்கள். நேரமில்லை என்பார்கள். தாலி கட்டுவதை மறுபடி படம்பிடிக்க முடியாது என்பதால் அந்தச் சாக்கை ஏற்பதற்கில்லை.

டிஸ்க்கே குறையுள்ளது, அல்லது 2 டிபி என்று விற்ற போலி என்றால் என்ன செய்வது? தொழிலுக்கு வாங்கியதால் தங்களுக்கு உரிமை இல்லை என்று பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். அது சரியல்ல. சுயதொழிலாகப் பிழைப்புக்கு மட்டுமே வாங்கியவரும் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நுகர்வோர்தான். பில் தர மறுப்பது அதே சட்டத்தில் முறையற்ற வணிக நடவடிக்கை. துண்டுச்சீட்டை வாங்கிக்கொண்டு வராதீர்கள், சீரியல் எண்ணோடு பில் கேளுங்கள். பிழைச்செய்தியைப் படமெடுத்து, கடைக்கும் நிறுவனத்துக்கும் எழுத்தில் புகார் கொடுங்கள். பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். இ-ஜாக்ரிதி தளத்திலும் மனு போடலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. குறை ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் போட வேண்டும். விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் அல்லது வேலைபார்க்கும் மாவட்டத்திலேயே போடலாம். வெளியூரிலிருந்து வந்து இங்கே தங்கியிருப்பவர்கள் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும்.

வாரன்ட்டியில் பொதுவாக மாற்று டிஸ்க்தான் கிடைக்கும், இழந்த காட்சிகளுக்கு நிறுவனங்கள் பொறுப்பேற்பதில்லை. எனவே மறுபடியும் சொல்கிறேன்: சரிபார்த்த இரண்டு பிரதிகள் கையில் இல்லாமல் எதையும் அழிக்காதீர்கள். டிஸ்க் வாங்கிய பில்லை இன்றே தேடியெடுத்து ஃபோனில் படமெடுத்து வையுங்கள்.